கை சும்மாதானே இருக்கு

எங்களைப் போலவே தென்னாப்பிரிக்காவில், மிட்ராண்டில் இருக்கும் என் ஓரகத்திக்கு ஜனவரியில் டெலிவரி தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் வாட்ஸப்பில் கேட்டிருந்தாள்: "அக்கா, ஹேண்ட்ஸ்ஃப்ரீயா என்னென்ன வந்திருக்கு, எது உருப்படியானது, ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்களேன். பால் எடுக்கிற பம்பு, பாட்டில், ஸ்டெரிலைசர் எல்லாம். நீங்கதான் எல்லாத்தையும் வாங்கிப் பாத்தவங்க." வாங்கிப் பார்த்தது உண்மைதான். எங்கள் துணி அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அந்தச் சாமான்கள்தான் கிடக்கின்றன. மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. இன்னும் யாருக்கும் கொடுக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. அன்று இரவே உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். எட்டு உருப்படி வந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான். மொத்தமாகப் படித்தபோது ஏதோ புளுகு மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். மறுநாளும் எழுதி அழித்தேன். மூன்று வாரமாக அவளுக்குப் பதில் போகவில்லை.

எது இடறுகிறது என்று யோசித்தால், கையால் பிடிக்க வேண்டாம், கை சும்மா இருக்கும் என்று சொல்லும் அந்த 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' என்ற சொல்தான். கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நான் டிவி பார்க்க உட்கார்ந்தால் போதும், அம்மா ஒரு முறத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவாள். "கை சும்மாதானே இருக்கு, இந்த முருங்கைக்கீரையை உருவிக் கொடு." கீரை இல்லாத நாளில் பூண்டு. பூண்டு இல்லாத நாளில் துவைத்து வந்த துணி மடிப்பு. பக்கத்தில் அண்ணனும் அதே நாடகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், அவனுடைய இரண்டு கையும் சும்மாதான் இருக்கும், அது மட்டும் அம்மா கண்ணில் படாது. சும்மா இருக்கும் கை என்றால் எங்கள் ஊரில் அது பெண்ணின் கை. அந்த வாக்கியத்தை விட்டு கிட்டத்தட்ட ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். டர்பனில், ஏசி போட்ட ஒரு கூட்ட அறையில், இங்கிலீஷில் அது என்னைத் தேடி வந்தது. அதற்கு வருகிறேன்.

கரண்ட் இருந்தால்தானே

மகள் பிறந்தது 2022 நவம்பரில். இந்த நாட்டில் அப்போது இருந்தவர்களுக்கு அந்தக் கோடைகாலத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட்ஷெட்டிங் என்ற சொல் காலை வணக்கம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு ஸ்டேஜ் ஏறினால் ஆயிரம் மெகாவாட் வெட்டு என்று கணக்கு. நாங்கள் ஸ்டேஜ் 6 வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். எல்லார் போனிலும், எப்போது கரண்ட் போகும் என்று சொல்லும் எஸ்கோம்-செ-புஷ் என்ற ஆப். (அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் ஆப்பிரிக்கான்ஸ் கெட்ட வார்த்தையை ஒரு தாய் எழுதும் கட்டுரையில் விளக்க முடியாது.) இரண்டு மணி நேரம் போகும், சில நாள் நான்கு மணி நேரம். குழந்தைக்குப் பசி எடுப்பதற்கு அட்டவணை இல்லை, இங்கே கரண்ட் கொடுக்கும் எஸ்கோமுக்கு இருந்தது.

நாங்கள் வாங்கி வைத்திருந்ததோ எல்லாம் சுவரில் செருகும் சாமான். நீராவி ஸ்டெரிலைசர், பாட்டில் சூடாக்கி, வயர் வைத்த பம்பு. வீட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் இருந்தது, வைஃபைக்கும் இரண்டு விளக்குக்கும் என்று கணவர் வாங்கியது. அதில் ஸ்டெரிலைசரைச் செருகிய அன்று அது ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. ஸ்டெரிலைசர் கேட்பது 500 வாட்டுக்கு மேல்; இன்வெர்ட்டரால் முடிந்தது அதில் பாதிகூட இல்லை. அம்மா ஊரிலிருந்து ஆசையாகத் தூக்கிவந்த சூடாக்கிக்கு வேறு கதை. வோல்ட் எல்லாம் ஒன்றுதான், இங்கேயும் 230. ஆனால் நம் ஊர்ச் சின்ன மூன்று பின் பிளக் இங்கே சுவரில் நிற்காது. ஏசிக்கும் கீஸருக்கும் போடுகிறோமே, அந்தக் குண்டு பிளக், அதுதான் இங்கே சாதா பிளக். ஊரிலிருந்து யாராவது எதையாவது கொண்டுவரப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லி வையுங்கள்.

அம்மா இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கேஸ் அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றி, தட்டை எடுத்துவிட்டு, பாட்டில்களை முழுகப் போட்டுக் கொதிக்கவிட்டாள். பத்து நிமிடம். அவ்வளவுதான் விஷயம். அடுப்பு பற்றவைக்கவும் தெம்பில்லாத ராத்திரிகளுக்கு மில்டன் என்ற கிருமிநாசினி மாத்திரை: மூடி போட்ட ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர், மாத்திரை, 15 நிமிடம், ஒரு நாள் முழுக்க அதே தண்ணீர் உதவும். சூடாக்கி தேவையே இல்லை என்பதைக் கிளினிக் சிஸ்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். எடுத்து வைத்த தாய்ப்பாலைக் குளிர்ச்சியாகவே கொடுக்கலாம், குழந்தை குடித்தால் குடிக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு இடம் கொதிக்கும், ஒரு இடம் ஆறியே கிடக்கும் என்றார். என் மகள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே குடித்தாள். இரண்டாயிரம் ரேண்ட் கொடுத்து வாங்கிய சாமான்கள் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

பாலை வைப்பதுதான் உண்மையான கவலை. எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் அது 25 டிகிரி வரைக்கும். ஜனவரியில் எங்கள் சமையலறை அந்தக் கணக்குக்குள் வராது. வியர்வையில் சுவரே வழுக்கும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போகிற நேரத்துக்கு முன்னால் பாலையெல்லாம் உள்ளே வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு டேப் ஒட்டிவிடுவேன், மறந்துபோய்க்கூட யாரும் திறக்கக் கூடாது என்று. பாலை இவ்வளவு பத்திரப்படுத்துகிறாயே, சுறாப்புட்டு தின்றால் தானாகவே ஊறுமே என்பது அம்மாவின் கட்சி. இந்த ஊர் ரக்பி அணிக்கே ஷார்க்ஸ் என்றுதான் பெயர், கடற்கரை நெடுக சுறாவுக்கு வலை கட்டியிருக்கிறார்கள், ஆனால் சமைப்பதற்கு ஒரு துண்டு சுறா எங்களுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை. கருவாட்டோடும் பூண்டுக் குழம்போடும் சமாளித்தோம்.

புனல்

பம்பைப் பற்றி ஓரகத்திக்கு நான் எழுதிய எட்டு உருப்படியில் அழிக்க மனசு வராத ஒன்று உண்டு, அது விலையில்லாதது: ஒரு ஸ்கேல். பள்ளிக்கூட ஸ்கேல். எந்தப் பம்பு வாங்கினாலும் மார்பில் வைக்கும் அந்தப் புனல் பெரும்பாலும் 24 மில்லிமீட்டரில்தான் வரும். எல்லாருக்கும் அதுவே பொருந்தும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எனக்குப் பொருந்தவில்லை. பம்பு இழுக்கும்போது காம்பைச் சுற்றியுள்ள தோலும் சேர்ந்து உள்ளே போய், இருபது நிமிடத்தில் புண்ணாகிவிட்டது. இப்படித்தான் வலிக்கும் போல என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு நாள் ஓட்டினேன். பிறகுதான் காம்பின் குறுக்களவை அளந்து அதற்கேற்ற புனல் போட வேண்டும் என்று தெரிந்தது. அளந்தேன், 16. புனல் 19 வாங்கிப் போட்டதும் வலி போனது, பாலும் கூடியது. பம்புப் பெட்டிக்குள் ஏழு மொழியில் கையேடு வைத்தவர்கள், முதல் பக்கத்தில் 'முதலில் அளந்து பாருங்கள்' என்று ஒரு வரி பெரிதாகப் போட்டிருக்கலாம்.

அடுத்தது, கையைக் கட்டிப்போடும் பிரச்சினை. வயர் பம்பு என்றால் இரண்டு கையாலும் இரண்டு புனலையும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கென்று பிரா விற்கிறார்கள். நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பிராவில் இரண்டு ஓட்டை வெட்டிக்கொண்டேன். சின்னதாக வெட்ட வேண்டும், துணி தானாக விரியும். புனல் நின்றது. கை விடுபட்டது. முதல் நாள் அந்த விடுபட்ட கையால் என்ன செய்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ஆப்பிளை முழுதாகத் தின்றேன். வேறொன்றும் செய்யவில்லை. அப்படி ஒரு ருசியான ஆப்பிளை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

அப்புறம்தான் பிராவுக்குள்ளேயே அடங்கும் பம்பு வந்தது. வயர் இல்லை, குழாய் இல்லை, கிண்ணம் போல ஒன்று, அதற்குள்ளேயே மோட்டார், பேட்டரி, பால் சேரும் இடம் எல்லாம். 2018-இல் லண்டன் ஃபேஷன் வீக்கில் ஒரு மாடல் அப்படி ஒன்றை அணிந்துகொண்டு மேடையில் நடந்தார், அந்தப் படம் உலகம் பூராவும் சுற்றியது. இந்த நாட்டில் பால் பவுடர், பாட்டில், ரப்பர் காம்பு எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2012-இலிருந்து விதி. இந்தியாவில் 1992-லேயே வந்துவிட்டது. அதனால் என் போனுக்கு வந்த விளம்பரம் எல்லாம் பம்புதான். எல்லா விளம்பரத்திலும் ஒரு பெண் பம்பை மாட்டிக்கொண்டு வேறு ஏதாவது ஒரு வேலை செய்துகொண்டிருப்பாள். லேப்டாப்பில் தட்டுவாள், பாத்திரம் அடுக்குவாள், மூத்த குழந்தைக்குத் தலை பின்னுவாள். ஆப்பிள் தின்கிற பெண்ணை ஒரு விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை. அது அன்றைக்கு உறைக்கவில்லை. எங்கள் வாடகையில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன்.

நல்ல சாமான்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். குனிந்தால் கொட்டும் என்பதைத் தவிர. செருப்பு எடுக்கக் குனிந்து 80 மில்லியைப் பாதத்தில் ஊற்றிக்கொண்டு நின்று அழுதிருக்கிறேன். ஆனால் கரண்ட் இல்லாத ராத்திரிகளில் பேட்டரியில் ஓடி அதுதான் காப்பாற்றியது. இருட்டில், ஜன்னல் எல்லாம் திறந்து போட்டு, எங்கள் பகுதியான ரிசர்வாயர் ஹில்ஸ் முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருக்க, மார்பில் இரண்டு சின்ன நீல விளக்கு மினுங்க உட்கார்ந்திருப்பேன். ஏதோ கிரகத்திலிருந்து இறங்கியவள் மாதிரி இருக்கிறாய் என்பார் கணவர்.

ரெண்டரை மணி கூட்டம்

நான்கு மாத விடுப்பு முடிந்து மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன். அந்த நான்கு மாதம் சட்டப்படி உண்டு. அப்பாக்களுக்கு அப்போது பத்து நாள். அலுவலகம் உம்ஷ்லாங்கா பக்கம். திரும்புவதற்கு முன்பே ஒரு விஷயத்தைப் படித்து வைத்திருந்தேன்: கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்களுக்காக 1998-இல் தொழிலாளர் துறை வெளியிட்ட நெறிமுறையில், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம், பால் கொடுக்கவோ எடுக்கவோ இடைவேளை தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டபோது முகம் சுளிக்காமல் ஒரு அறை கொடுத்தார்கள். பழைய பொருள் வைக்கும் அறை. ஜன்னல் கிடையாது, ஆனால் உள்ளே தாழ்ப்பாள் இருந்தது, குண்டு பிளக் ஒன்று இருந்தது, முதுகு சாய்ந்த நாற்காலி ஒன்று இருந்தது. பத்தரைக்கும் ரெண்டரைக்கும் என் காலண்டரில் கட்டம் போட்டு வைத்தேன். உள்ளே போய்த் தாழ் போட்டு, மகள் வீடியோவை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொள்வேன். இரண்டாவது நிமிடத்தில் ஒரு கூச்சம் வரும், ஊசி குத்துகிற மாதிரி, அப்புறம் சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது பீய்ச்ச ஆரம்பிக்கும். ஒரு தடவைக்கு 90, 100 மில்லி.

மூன்றாவது வாரம் ஒரு காலாண்டு அறிக்கை சிக்கல். ரெண்டரை மணிக்கே கூட்டம் போட்டுவிட்டார்கள். சரி, ஒரு நாள்தானே என்று அந்தக் கிண்ணப் பம்பை மாட்டிக்கொண்டு, மேலே ஒரு தொளதொள ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஏசி சத்தத்தில் பம்பு முனகுவது கேட்காது என்றுதான் நினைத்தேன். கேட்டது. "என்ன அது, யாருடைய போன்?" என்றார் மேனேஜர். நான் சொன்னேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவர் நல்ல மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். முகம் மலர்ந்து, "இதைப் போட்டுக்கொண்டே வேலை பார்க்கலாமா? அருமையான கண்டுபிடிப்பு! அப்படியானால் நாம் ரெண்டரை மணியைத் தள்ளிப் போட வேண்டியதே இல்லை" என்றார். நிஜமாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார். அப்புறம் மேஜையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கை ஃப்ரீயாகத்தானே இருக்கிறது, மினிட்ஸை நீங்களே எழுதிவிடுகிறீர்களா?" என்றார்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் பேனா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஒருவர் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்ந்திருந்தார். அந்த நொடியில் எனக்கு அம்மா குரல்தான் கேட்டது, அப்படியே, முறத்தோடு. கை சும்மாதானே இருக்கு. என்ன செய்தேன்? எழுதினேன். நாலு பக்கத்துக்கு, நேர்த்தியாக, யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பதாக ஒத்துக்கொண்டார்கள் என்று கட்டம் போட்டு எழுதினேன். எழுதி முடித்துக் கழிப்பறைக்குப் போய்க் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 35 மில்லி. அந்தக் கூச்சம் வரவே இல்லை. அது வந்தால்தானே பால் இறங்கும். பால் சுரப்பது ஒன்று, இறங்குவது வேறொன்று; இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் ஊற வேண்டும், மனசு எதிலாவது மாட்டிக்கொண்டிருந்தால் அது வர முரண்டு பிடிக்கும். மோட்டார் பாட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ரெண்டரை மணி எல்லாருக்கும் பொதுவான நேரமாகிவிட்டது. பத்தரை மணிக் கட்டத்துக்குள்ளும் 'ஒரு சின்ன கால்' என்று நுழைய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அறையைத் திறந்தால் புது மானிட்டர்கள் வந்திறங்கி நாற்காலி மேல்வரை அட்டைப்பெட்டிகள். கேட்டதற்கு, "உங்களுக்கு இனிமேல் தேவைப்படாது என்று நினைத்தோம்" என்றார்கள். அவர்கள் நினைத்ததில் தர்க்கப்படி ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பம்பு வாங்கியது நான். அதை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்ததும் நான். யாரும் என்னிடமிருந்து அரை மணி நேரத்தைப் பிடுங்கவில்லை. என் வாடகையில் பாதியைப் போட்டு நானே அதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

நெறிமுறையின் அந்த வரியை ஒட்டி ஒரு மெயில் எழுதினேன். அது சட்டப் பிரிவு இல்லை, வழிகாட்டுதல்தான் என்று பதில் வந்தது. ஆனாலும் பெட்டிகளை எடுத்தார்கள், ஒரு மூலையில் நாலு மட்டும் மிச்சம். மறுநாளிலிருந்து வயர் பம்பையே தூக்கிக்கொண்டு போனேன், அந்தக் கனத்த மஞ்சள் பையோடு, எல்லாரும் பார்க்கிற மாதிரி. சுவரில் செருகிவிட்டால் கூட்டத்துக்கு வர முடியாது பாருங்கள். இதில் என் வீம்பும் கொஞ்சம் உண்டு. 90 மில்லி திரும்பி வர ஒன்பது நாள் ஆனது.

ஆன்ட்டி

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு எழுபது தாண்டிவிட்டது. டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர். 1860-இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததே, அதற்கு அப்புறம் கொஞ்ச வருஷம் கழித்து வந்த ஏதோ ஒரு கப்பலில் அவர் கொள்ளுப்பாட்டன் கரும்பு வெட்ட வந்தாராம். ஆன்ட்டிக்குத் தமிழ் நாலு சாமி பாட்டிலும் சாப்பாட்டுப் பெயர்களிலும்தான் மிச்சம்; நாங்கள் பேசுவது இங்கிலீஷில்தான். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் தையல் மெஷினில் இருந்தவர் அவர். சட்டைக் காலர் தைக்கிற லைன். "மூணாவது பிள்ளைக்கு ஆறு வாரத்தில் திரும்பிப் போனேன். நாப்பித் துணியை நாலாக மடித்து ரெண்டு பக்கமும் உள்ளே வைத்துக்கொள்வேன். பதினோரு மணிக்குள் நனைந்துவிடும். டீ பிரேக்கில் டாய்லெட் சிங்க்கில் கையாலேயே பிழிந்து விடுவேன், தண்ணீரைத் திறந்துவிட்டு. வெள்ளையாகப் போகும். எனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் ரெண்டு பேர் நிற்பார்கள், அதே வேலைக்கு" என்றார். வீட்டில் பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன். மூத்தவள். அவளுக்கு வயது ஏழு. பாட்டிலைத் தலையணையில் சாய்த்து, மடித்த நாப்பியால் அண்டை கொடுத்துவிட்டு அவள் விளையாடப் போய்விடுவாளாம்.

அதை அவர் சொன்னதற்குக் காரணம், எங்கள் சோபாவில் கிடந்த ஒரு சாமான். எனக்குப் பரிசாக வந்தது: யானைக்குட்டி மாதிரி ஒரு சின்ன மெத்தைத் தலையணை, தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பாட்டிலைச் செருக ஒரு வளையம். குழந்தை மேல் வைத்துவிட்டால் பாட்டில் தானாக நிற்கும். நாம் எழுந்து போகலாம். பெட்டியில் கொட்டை எழுத்தில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. ஆன்ட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாப்பிக்குக் காது வைத்திருக்கிறார்கள்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய மூன்றாவது பிள்ளைக்கு ஒரு தடவை புரை ஏறி முகம் நீலமாகி, ஏழு வயது மூத்தவள்தான் தற்செயலாகத் திரும்பி வந்து தூக்கியிருக்கிறாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான், இப்போது கேப்டவுனில் இருக்கிறான். என் மகள் பிறந்த அடுத்த மாதமே, 2022 டிசம்பரில், பிரிட்டனில் பொருள் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அலுவலகம் இந்த மாதிரித் தலையணைகளை உடனே நிறுத்துங்கள், தூக்கிப் போடுங்கள் என்று எச்சரித்திருக்கிறது. பாலின் ஓட்டத்தைச் சிசுவால் நிறுத்த முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது, மூச்சுக்குழாயில் போனால் சத்தம்கூட வராது. கொடுத்தவர்கள் அன்பாகத்தான் கொடுத்தார்கள். வளையத்தை வெட்டி எறிந்துவிட்டேன். யானை இப்போது மகளின் பொம்மைகளோடு இருக்கிறது, மூக்கறுபட்டு.

சங்கு

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் ஒரு சங்கும் இருந்தது. பாலாடை என்பார்கள் சில வீடுகளில். வெள்ளி, உள்ளங்கையில் அடங்கும், ஒரு பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும். எனக்கும் அண்ணனுக்கும் அதில்தான் ஊற்றினாளாம், அடியில் அண்ணன் தூக்கிப் போட்ட நெளிசல் இருக்கிறது. கொண்டுவந்த அன்று நான் சிரித்தேன். பாட்டிலில் 60 மில்லி பத்து நிமிடத்தில் போய்விடும். இதில் ஐந்து ஐந்து மில்லியாக ஊற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

அந்தச் சமயத்தில் இரவு மூன்று மணி முறை கணவருடையது. நான் எடுத்து வைத்த பாலை அவர் பாட்டிலில் கொடுப்பார். ஒரு கையில் குழந்தையும் பாட்டிலும், மறு கையில் போன். ஏதோ கிரிக்கெட் ஸ்கோர், ஏதோ வீடியோ. பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்திருப்பார், அவள் மூச்சு விடாமல் விழுங்கி, அப்புறம் மொத்தத்தையும் தோளில் கக்குவாள். அதைக் கேட்டு நான் எழுந்து வருவேன். அவர் முறை என்று பெயர்தான்.

ஒரு நாள் பாட்டில் ஒன்றுகூடக் கொதிக்க வைத்தது இல்லை, கரண்டும் இல்லை. அம்மா சங்கைக் கொதிநீரில் போட்டு எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். மாமியார் கொடுத்தால் மறுக்க முடியுமா. குழந்தையை மடியில் கிட்டத்தட்ட நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுக்க வைத்து ஊற்றக் கூடாது. இடது கை கழுத்துக்கும் தலைக்கும் அண்டை. வலது கையில் சங்கு. மூக்கைக் கீழுதட்டில், வாயோரமாக, சும்மா தொட வைத்து, பால் உதட்டை நனைக்கும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. அவள் நாக்கை நீட்டி உறிஞ்சுவாள். விழுங்கினாளா என்று பார்த்து, அப்புறம் அடுத்தது. அவள் வாயை மூடிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். போன் எங்கேயோ சோபா இடுக்கில் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. எடுக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. சட்டை முழுக்கப் பால். நாற்பது நிமிடம் ஆனது. அன்று அவள் கக்கவில்லை.

காலையில் அவர் என்னிடம் சொன்னது: "முழுங்குறதுக்கு முன்னாடி புருவத்தைத் தூக்குறா, பாத்திருக்கியா?" நான் பார்த்ததில்லை. மறுநாளும் சங்கையே எடுத்தார். யாரும் சொல்லவில்லை. பாட்டிலையும் விடவில்லை, அவசரத்துக்கு இருந்தது. ஆனால் மூன்று மணிக்குச் சங்குதான். பிள்ளை பிறந்த பிறகு நான் முதன்முதலாக ஐந்து மணி நேரம் ஒரே இழுப்பில் தூங்கியது அந்த வாரத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தட்டைக் காலி செய்தேன். பம்பை ஓரகத்திக்குக் கொடுக்க முடியாது. ஒருவர் உபயோகித்ததை இன்னொருவர் உபயோகிக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, பேட்டரியும் செத்துவிட்டது. ஸ்டெரிலைசர் உள்ளே தண்ணீர் உப்புப் படிந்து கிடந்தது. கூரியரில் கடைசியில் போனது இரண்டு சாமான்: பத்து ரேண்ட் ஸ்கேல் ஒன்று, எப்படி அளப்பது என்று எழுதி ஒட்டியது, இன்னொன்று சங்கு. மகள் அதை மண்ணில் தோண்டி விளையாடிக்கொண்டிருந்தாள், பிடுங்கி, புளி போட்டு விளக்கி, கொதிக்க வைத்துச் சுற்றினேன். கூடவே ஒரு கேள்வியும் அனுப்பினேன்: உன் ஆபீசில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ரூம் ஏதாவது இருக்கிறதா, இப்போதே பார்த்து வை.

தாழ்ப்பாளுக்கு இன்னும் பதில் வரவில்லை. சங்குக்கு நேற்று வந்தது, போட்டோவோடு. "சூப்பரா இருக்குக்கா. இத ஒரு கையால பிடிச்சுக் கொடுக்க முடியுமா?"

முடியாது என்று எழுதினேன். அதை என் கொழுந்தனாரிடம் கொடு.